மூன்று ஸ்டேஷன், ஒரே கீறல்

கடலூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்று மத்தியானத்திலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் ஸ்டாம்பு கண்காட்சிக்காக, பழைய ரயில்வே கம்பெனி முத்திரை விழுந்த ரெவின்யூ ஸ்டாம்புகளை ஸ்டேஷன் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். நீ ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுத்த மூன்றையும் முதல் பக்கத்தில் வைத்திருந்தேன். கிள்ளை, பண்ருட்டி, கடலூர்.

லென்ஸில் பார்த்தால், மூன்று முத்திரையிலும் வட்டத்தின் இடது ஓரத்தில் ஒரே இடத்தில் ஒரே கீறல். மூன்று ஊர் முத்திரைக் கட்டைகளில் ஒரே மாதிரி கீறல் விழாது. முத்திரை படாத பழைய ஸ்டாம்புகளை வாங்கி, நடுவில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி நீயே குத்தியிருக்கிறாய்.

நீயா? இன்னும் நம்ப முடியவில்லை. இப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை என்று ஸ்டாம்பு சேகரிப்போர் சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேனே!

திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது நீ முதன்முதலில் ஸ்டாம்பு கொண்டுவந்த நாள் நினைவுக்கு வந்தது. உன் அக்காவின் காரியம் முடிந்த மறு வாரம் அது. நான் அடுப்பே பற்றவைக்காமல் படுத்துக் கிடந்தேன்.

"மாமா, கிள்ளை ஸ்டாம்பு ஒண்ணு மாட்டிக்கிச்சு. காப்பி போட்டாத்தான் காட்டுவேன், ஆமா!" என்றாய்.

எழுந்து போட்டேன். "கழனித்தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் குடித்தாய்.

மூன்றையும் எடுத்துவிட்டேன். முதல் பக்கம் காலியாகத்தான் போகும். கேட்டால் ஏமாந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இனி ஸ்டாம்பு எதுவும் கொண்டுவராதே. வெறுங்கையோடு வா. பால் வாங்கி வைக்கிறேன்.

உன் மாமா