நீங்கள் வெறுமையாக விட்ட வரி

அக்கா,

உங்கள் பென்சில் எழுத்து இன்று காலை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. வெள்ளவத்தைத் தபாற்கந்தோரில் கையெழுத்து வைத்து வாங்கிய பொதி. உங்கள் மகள் றீகாவிலிருந்து அனுப்பியிருக்கிறாள். போன குளிர்காலத்தில் நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்ற செய்தியும் அதற்குள்தான் இருந்தது.

சாம்பல் நிற அட்டை போட்ட ஒரு கொப்பி. இடப்பக்கத்தில் என் கவிதையை நீங்களே தமிழில் பார்த்தெழுதியிருக்கிறீர்கள். வலப்பக்கத்தில் உங்கள் லத்விய மொழி. பதினொரு வரிக் கவிதையில் ஏழாவது வரி மட்டும் இல்லை. எழுதி எழுதி அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருக்கிறது. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

உங்கள் மொழிபெயர்ப்புகள் எல்லாவற்றையும் ஒரே நூலாகப் போடப்போகிறார்களாம். இந்த வரிக்கு என்ன செய்வது என்று மகள் கேட்டிருக்கிறாள்.

இந்தக் கவிதைக்காகத்தான் பதினொரு வருடமாக நான் உங்கள் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. நீங்கள் லத்விய மொழியில் கொண்டுவந்த ஈழத்துக் கவிதைத் தொகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் ரொறன்ரோவில் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு யுத்தத்தை எழுதுகிறவர். அவருக்கு மூன்று கவிதை. ஐந்து வாரம் என் வீட்டு மாடியில் தங்கி, என் சொல்லகராதியைப் பிரித்து, என் அம்மா கையால் சாப்பிட்ட உங்கள் புத்தகத்தில் எனக்கு ஒன்றுகூட இல்லை. அதை நான் மறக்கவில்லை. இப்போதும் மறக்கவில்லை.

நீங்கள் வந்த நாட்களில் வெள்ளவத்தைச் சந்தையே உங்களைப் பார்த்துச் சிரித்தது. லெனின்கிராட்டில் புத்தகத்திலிருந்து கற்ற தமிழ். "ஐயா, இம்மீனின் பெயர் யாது?" என்று நீங்கள் கேட்க, மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ மிஸ், சோதினை வைக்கிறீங்களா? இது பாரை. பாஸா பெயிலா எண்டு சொல்லிட்டுப் போங்க."

நீங்கள் குறிப்புப் புத்தகத்தில் 'பாரை' என்று எழுதிவிட்டு, "சித்தியடைந்தீர்கள்" என்றீர்கள். அதற்குப் பிறகு அவர் உங்களுக்கு நல்ல மீனாகப் பார்த்துக் கொடுத்தார்.

சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பெற்றோருக்கு அங்கேயே பிறந்தவர் நீங்கள். ஏழு வயதில் ஊர் திரும்பினீர்கள். உங்கள் முதல் கவிதை நூலை அதிகாரிகள் தடுத்து, சொந்தமாக எழுத வேண்டாம், மற்றவர்களை மொழிபெயர்த்துப் பிழைத்துக்கொள் என்றார்களாம். இருபது வருடம் அப்படித்தான் பிழைத்தீர்கள். அந்த இருபது வருடத்தில் படிந்த பழக்கம் ஒன்று உங்களிடம் இருந்தது. கவிதையில் ஆள் எந்த இடத்தில் நிற்கிறான் என்று தெரியாமல் ஒரு சொல்லையும் மாற்றமாட்டீர்கள். "எங்கே நின்றீர்கள்? அதை முதலில் காட்டுங்கள்" என்பீர்கள்.

என் கவிதை தம்பியைப் பற்றியது. கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பிடத்தில் வான் வண்டியில் வந்தவர்கள் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை அவன் இல்லை. அண்ணன் வானுக்குப் பின்னால் செருப்பறுந்து ஓடுகிறான் என்பது ஏழாவது வரி. இங்கே பலருக்கு மனப்பாடமான வரி அது.

என்னை அந்தத் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னீர்கள். வெயிலுக்குள் குடையோடு நின்று, வான் எந்தப் பக்கம் திரும்பியது, நான் எந்தக் கடை வாசல்வரை ஓடினேன், செருப்பு எங்கே அறுந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொன்னேன். நீங்கள் குடையை மடக்கினீர்கள்.

"மற்ற எல்லா வரியும் நடக்கிறது, தம்பி. இந்த வரிக்கு மட்டும் கால்கள் இல்லை."

"அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டு சொல்லுறீங்களோ?"

பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து உங்கள் கதையைச் சொன்னீர்கள். தடைசெய்யப்பட்ட கவிதைகளைக் கையால் எழுதிப் பரப்பிய உங்கள் சிநேகிதியை வேலையிலிருந்து நீக்கக் கூட்டம் போட்டார்கள். கையை உயர்த்தச் சொன்னபோது நீங்களும் உயர்த்தினீர்கள். அதை எழுத ஒன்பது வருடமானது. எழுதியதைச் சொந்தப் பெயரில் போடத் துணிவில்லை. இலங்கையில் இருக்கும் ஒரு தமிழ்க் கவிஞருடைய கவிதையின் மொழிபெயர்ப்பு என்று சொல்லிப் போட்டீர்கள். அப்படி ஒரு கவிஞர் இருக்கவேயில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்கட ஆக்களின்ர பேரில உங்கட பாவத்தைக் கழுவியிருக்கிறீங்கள், என்ன?"

"ஆம்" என்றீர்கள். "அதற்காகத்தான் இந்த ஊருக்கு வந்தேன்."

உங்கள் உண்மையை என் முன்னால் வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தீர்கள். தேநீர் ஆறியது. மனிதர்களைப் பேசவைக்க இது ஒரு தந்திரம் என்று அன்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

இப்போது சொல்கிறேன். நான் ஓடவில்லை, அக்கா. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவன் என் பக்கம் திரும்பி, இவனைத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டான். தெரியாது என்று நானும் சிங்களத்தில், நல்ல சிங்களத்தில், சொன்னேன். பிறகு வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். செருப்பு அறவில்லை.

மத்தியானம் உங்கள் மகளுக்கு எழுதினேன். ஏழாவது வரி: 'தெரியாது என்றேன்.' அதற்குக் கீழே, 'என் பெயர் வேண்டாம், உங்கள் அம்மா உண்டாக்கிய அந்த இல்லாத தமிழ்க் கவிஞருடைய பெயரில் போடுங்கள்' என்றும் எழுதினேன். உங்களுக்குச் சரியான பதிலடி என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அதை வெட்டிவிட்டு என் பெயரையே எழுதினேன். இதில் பெருமை ஒன்றுமில்லை. லத்விய மொழி வாசிக்கிற ஒருவரும் இங்கே வெள்ளவத்தைத் தெருவில் என்னைக் கடந்து போகப்போவதில்லை.

ஆனால் முன்னறையில் அம்மா இருந்தா. எண்பத்திரண்டு வயது. பெரியவன் பின்னால் ஓடினான் என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லுகிறவ.

"ஆர், மோனை, அனுப்பினது?"

"அந்த வெள்ளைக்கார அக்காவின்ர மகள். தம்பியைப் பற்றின கவிதை புத்தகத்தில வரப்போகுதாம்."

"எங்க, வாசி பாப்பம். கேட்டுக் கன காலம்."

வாசித்தேன். ஆறாவது வரி முடிந்ததும் பழைய வரிதான் நாக்கில் வந்து நின்றது. உங்கள் கொப்பி என் கையில் இருந்தது. அழித்துத் தேய்ந்த அந்த இடத்தில் என் பெருவிரல் இருந்தது. 'தெரியாது என்றேன்' என்று வாசித்தேன். மிச்ச நான்கு வரியையும் வாசித்து முடித்தேன்.

அம்மா அழவில்லை. ஏசவுமில்லை. மடியில் கிடந்த மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தா. கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போய் முடியும்வரை துடைத்தா.

"நீ சொன்னது அவனுக்குக் கேட்டதோ?"

இவ்வளவு கேள்வி கேட்ட நீங்கள்கூட அந்த ஒன்றை என்னிடம் கேட்கவில்லை, அக்கா.

"ஓம் அம்மா. கேட்டது. திரும்பிப் பாத்தவன்."

அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தா. கவிதையில் அதற்கு வரி இல்லை. உங்கள் கொப்பியிலும் அதற்கு வெற்றிடம் இல்லை. அவன் பார்த்த பார்வையைப் பதினாறு வருடம் தனியே வைத்திருந்தேன். இன்றிலிருந்து அம்மாவும் வைத்திருக்கிறா.