நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தொன்பது வரை

ஹெல்சிங்கி
2.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சரண்யா எழுதுவது. போன் அடித்தால் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் போட்டால் பார்ப்பதில்லை. அண்ணியிடம் கேட்டால், "ஒங்க அண்ணன் நல்லாத்தான் இருக்காரு, பேசத்தான் மாட்டேங்கிறாரு" என்கிறார்கள். குவைத்தில் வண்டி ஓட்டிய இருபத்தொரு வருடமும் வாரம் தவறாமல் பேசியவன், ஊரோடு வந்து ஒரு வருடத்தில் அவ்வளவு பெரிய மனுஷன் ஆகிவிட்டாயா? அதனால்தான் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிறேன். வந்து சேரப் பன்னிரண்டு நாளாவது ஆகுமாம்.

எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தொன்பது வயதுக்குள் தற்கொலை செய்துகொண்டவர்களின் எண்ணிக்கையை நாடு நாடாக ஒப்பிடுகிறேன். வரைபடத்தில் நாட்டுக்கு ஒரு கோடு. பின்லாந்தில் முப்பது வருடமாக இறங்கி வந்திருக்கிறது. அமெரிக்காவில் பல வருடம் ஏறியது. நம் பக்கம் வரும்போதுதான் குழப்பம். செய்திகளைப் புரட்டினால் தீராத வயிற்று வலி, தீராத வயிற்று வலி என்றே வருகிறது. கூட வேலை செய்யும் பெண், "உங்கள் ஊரில் குடிதண்ணீர் சரியில்லையா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். அப்புறம் அப்பா நினைவு வந்தது.

அப்பாவும் வயிற்று வலி தாங்காமல்தானே அப்படிச் செய்துகொண்டார்? எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எந்த டாக்டரிடம் காட்டினோம்? வீட்டில் ஒரு மாத்திரை அட்டை கிடந்ததாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

வைஷ்ணவிக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்ன ஆயிற்று? நீ எப்போது குவைத்துக்குத் திரும்பப் போகிறாய்? எழுது.

உன் தங்கை
சரண்யா

*

ஆலங்குடி
22.3.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் வெளிநாட்டு ஸ்டாம்பை ஆசை தீரத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அப்பாவுக்கு வயிற்று வலி கிடையாது. இருபத்தொன்பது வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டேஷன் வாசலில் மனு எழுதுகிறவர், "காரணம் என்னன்னு போடட்டும் தம்பி? வீட்ல பொம்பளப்புள்ள இருக்கா?" என்றார். தங்கச்சி இருக்கு என்றேன். "அப்ப வயித்து வலின்னு போட்டுர்றேன். நாளைக்கு அதுக்கு ஒரு நல்லது நடக்கணும்ல?" என்றார். கையெழுத்துப் போட்டேன். உன் கல்யாணத்தின்போது ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மட்டில் சரி.

உண்மையான காரணம் எனக்கும் தெரியாது. கடைசி ஒரு வருடம் அவர் யாரோடும் பேசவில்லை. கடலைக் கொல்லைக்குப் போவதையும் விட்டுவிட்டார். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அப்பாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு. எனக்கு இப்போது நாற்பத்தொன்பது.

எப்போது திரும்பப் போகிறாய் என்று நீயும் கேட்டுவிட்டாய். வந்த நாளிலிருந்து ஊரே அதைத்தான் கேட்கிறது. எங்கிட்டுப் போவது? உன் அண்ணியும் வைஷ்ணவியும் நான் இல்லாமலே வீட்டை நடத்தப் பழகிவிட்டார்கள். நான் உட்கார்ந்தால் வீடு கூட்டுவதற்கு இடைஞ்சல். பகல் முழுக்கப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து புதுக்கோட்டை வண்டி போவதையும் வருவதையும் பார்க்கிறேன்.

வைஷ்ணவிக்கு அன்னவாசலில் அமைந்துவிட்டது. பூ வைத்துவிட்டார்கள், வைகாசியில் கல்யாணம். அதோடு என் கடமை தீர்ந்தது. மோட்டார் சைக்கிளைப் பக்கத்து வீட்டு முத்துராஜுக்கே கொடுத்துவிட்டேன். கரண்ட் கனெக்‌ஷனை உன் அண்ணி பேருக்கு மாற்றியாயிற்று. கல்யாணத்தில் அத்தை முறைக்கு நீ முன்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு
அண்ணன் திருமுருகன்

*

ஹெல்சிங்கி
4.4.2025

அண்ணா,

உன் கடிதம் இன்று வந்தது. நீ எழுதிப் பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. இந்தப் பதின்மூன்று நாளில் நீ என்ன செய்தாயோ என்று நினைத்ததும் போனை எடுத்தேன்.

உனக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அப்பா விஷயத்தையும் சேர்த்து. முத்துராஜ் அண்ணனையும் கூப்பிட்டு, உன்னைத் தனியாக விடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று கெஞ்சினேன். அவர்கள் உன்னைத் தேடிப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், வேறு ஒன்றும் செய்ய முடியாமல் இதை எழுதுகிறேன்.

இருபத்திரண்டு நாட்டு மனிதர்களை எண்ணினேன். என் சொந்த அண்ணனைக் கவனிக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. கோடு இறங்கிய இடங்களில் பலவற்றைச் செய்தார்கள். அதில் ஒன்று, நேருக்கு நேர் கேட்டார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அப்பாவை யாரும் கேட்கவில்லை என்கிறாய். நான் உன்னைக் கேட்கிறேன். செத்துப் போகலாம் என்று நினைக்கிறாயா? ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல். என்னிடம் சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருக்கிற யாரிடமாவது சொல்.

அப்பாவுக்குப் பிறகு என்னை வளர்த்ததே நீதான். இன்னொரு தடவை என்னால் முடியாது, அண்ணா. முடியவே முடியாது.

சரண்யா

*

ஆலங்குடி
19.4.2025

சரண்யாவுக்கு,

உன் கடிதத்துக்கு முன்னாலேயே நீ செய்த காரியம் வந்து சேர்ந்துவிட்டது.

முத்துராஜ் தனியாக வரவில்லை. எட்டுப் பேர். டீக்கடைக்காரர், கண்டக்டர் எல்லாரும் பார்க்க என் இரண்டு கையையும் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். "என்னண்ணே, இப்புடி நெனைக்கலாமா?" என்று ஆளுக்கொரு புத்தி. உன் அண்ணி தெருவில் நின்று, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா ஒங்களுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று என் நெஞ்சிலேயே அடித்தாள். மறுநாள் புதுக்கோட்டையில் டாக்டர். நீ கேட்டதையே அவரும் கேட்டார். ஆமாம் என்றேன். மாத்திரை தந்திருக்கிறார். வாரம் ஒரு தடவை உன் அண்ணி கூட்டிப் போகிறாள்.

நான்காம் நாள் அன்னவாசலிலிருந்து ஆள் வந்தது. "பொண்ணோட தாத்தா அப்புடி, அப்பா இப்புடின்னா நாங்க என்னங்க பண்றது?" என்றார்கள். சம்பந்தம் முறிந்தது. உன் அண்ணி தெருவில் அழுத அழுகையில் அப்பா விஷயமும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வைஷ்ணவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

உனக்காக நான் பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன். என் மகளுக்காக உன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. இனிமேல் போன் அடிக்காதே. எழுதாதே. எனக்குத் தங்கச்சி என்று யாரும் இல்லை.

சி. திருமுருகன்

*

ஹெல்சிங்கி
2.5.2025

அண்ணா,

எழுதாதே என்றிருக்கிறாய். இது ஒன்று மட்டும்.

சம்பந்தம் முறிந்ததிலிருந்து அண்ணியும் போனை எடுப்பதில்லை. முத்துராஜ் அண்ணனும் எடுப்பதில்லை. மூன்று வாரமாக எனக்கு ஒன்றும் தெரியாது. உறையைக் கிழித்ததும் உன் கையெழுத்தைப் பார்த்தேன், அடுத்துத் தேதியைப் பார்த்தேன். பத்தொன்பது. பத்தொன்பதாம் தேதி வரை நீ இருந்திருக்கிறாய். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து மற்றதைப் படித்தேன்.

வைஷ்ணவி என்னை மன்னிக்க வேண்டியதில்லை. நீயும் வேண்டாம். அவளுக்கு நான் செய்தது பெரிய கெடுதல்தான், எனக்குத் தெரியும். அதே கடிதம் நாளைக்கு வந்தாலும் இதையேதான் செய்வேன்.

தங்கச்சி இல்லை என்றால் இல்லை. ஆனால் மாதம் ஒரு தடவை என்னைத் திட்டியாவது எழுது. திட்டவும் பிடிக்காவிட்டால், வெறும் தாளில் தேதியை மட்டும் போட்டு அனுப்பு.

சரண்யா