ஒத்திகையில் சொன்ன பதில்

படிப்பாளிக்கு,

இரவுப் பணி முடிந்து வந்ததும் புத்தகத்தைத் திறக்காதே, முதலில் சாப்பிடு. அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். உப்பு சற்றுக் குறைவு. காரணம் கோபம் அன்று, களைப்பு.

உன் வகுப்புத் தோழி புள்ளியியல் புத்தகத்தைக் கேட்டு வருவாள். அது உன் தலையணைக்கடியில் இருக்கிறது. நீ அதைப் படித்ததைவிட அதன்மேல் தூங்கியதே அதிகம்.

நேற்று மாலை, உன் பொதுச் சுகாதார முதுகலை ஆய்வுக்கான கேள்விகளை என்னிடம் ஒத்திகை பார்த்தாய்.

“உடம்பு சரியில்லன்னா வீட்டுல முதல்ல யாருகிட்ட சொல்வீங்க?”

“யாருகிட்டயும் சொல்றதில்ல” என்றேன்.

தலை நிமிராமல் குறித்துக்கொண்டாய். “சரி, கழிப்பறை வீட்டுக்குள்ளயா, வெளியிலயா?”

“ஏம்மா, உனக்கே தெரியாதா?”

“பதில் சொல்றவங்க எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது.”

பிறகு நான் எழுந்துபோய்க் கதவை அவ்வளவு வேகமாகச் சாத்தியது அதனால்தான். எந்தப் பதிலுக்கும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று உங்களுக்குக் கற்பிக்கிறார்கள், அறிவேன். ஆனால் நான் அடுத்த தெருக்காரன் அல்லேன், உன் வீட்டுக்காரன்.

நண்பகலில் திரும்பிவிடுவேன்.

பி.கு.: தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். அந்தப் பதிலை அடித்துவிடு. சில நாள்களாகப் படியேறினால் மார்பு இறுகுகிறது. இதை முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன். நான் வந்ததும் இருவரும் மருத்துவரிடம் போவோம். வழியில் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேள். அடுத்த கேள்விக்குப் போகும்முன் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்.