டெஸ்ஸும் தட்ட வேண்டும்

ஹார்ஸ்பி,
திங்கட்கிழமை மாலை

அன்புள்ள ஹிலரிக்கு,

இன்று காலை உறுதியான செய்தி இது: நம் தம்பி கிளைவ் பற்றிய விசாரணையை நகராட்சி மீண்டும் எடுத்திருக்கிறது. சொன்னவர் அங்கே பாதுகாப்புப் பிரிவின் மேலாளர். தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாத, வயதுவந்தவர்களுக்கான பிரிவு அது. தொலைபேசியில் சொன்னதை எழுத்திலும் கேட்டு வாங்கிவிட்டேன். வசந்தத்தில் கோப்பை மூடியது தவறு என்று அவர் ஒப்புக்கொண்டார். வியாழக்கிழமை கூட்டம் முடியும்வரை தம்பி வீட்டில் வந்து தங்கிவிட்ட அந்தக் கேவின் அங்கே போகக் கூடாது என்று போலீஸ் சொல்லியிருக்கிறது. மற்ற எதுவும் உறுதியில்லை. அதனால்தான் இந்த மின்னஞ்சலில் ஒரு வரி எழுதுவதும் எழுந்து சன்னலுக்குப் போவதுமாக இருக்கிறேன்.

முதல் புகாரை எப்படிக் கைவிட்டார்கள் என்று கேட்டிருந்தாய். கிளைவின் கீழ்வீட்டுத் திருமதி என்ட்விசில்தான் நகராட்சிக்குச் சொன்னார். “மேல ஒருத்தன் நாயோட வந்து ஒட்டிக்கிட்டான். சாவி அவன் கையில. வீட்டுக்காரன் கிளைவ் மாடிப்படியில உக்காந்திருக்கான். இது என்ன நியாயம்?” என்று கேட்டாராம். ஓர் அலுவலர் கிளைவைத் தொலைபேசியில் அழைத்தார். கிளைவ் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான், உனக்குத் தெரியும். யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று அவர் கேட்டபோது பக்கத்து நாற்காலியில் கேவின் இருந்தான். “எல்லாம் நல்லாருக்கு, நன்றி” என்றான் கிளைவ். கோப்பை மூடிவிட்டார்கள். நேரில் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் நான் என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனபோது, தம்பி கோட்டைப் போர்த்திக்கொண்டு சமையலறை நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கட்டிலில் கேவின், கால்மாட்டில் நாய். ஏன்டா இங்கே படுத்திருக்கிறாய் என்றேன். “அவனுக்கு முதுகு வலி, டெஸ்” என்றான். கேவின் எழுந்திருக்கக்கூட இல்லை. “அண்ணன்காரரு வந்துட்டாரு! என்ன சார், பேப்பர்ல போடப் போறீங்களா?” என்று சிரித்தான். நான் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றது அவனுக்கும் தெரியும்.

அன்றே நகராட்சிக்கு எழுதினேன்: கிளைவைப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றுங்கள் என்று. நான் கேட்டதால் நீயும் அப்படியே எழுதினாய்.

வெள்ளிக்கிழமை சமூகப் பணியாளர் இமோஜென் டேட் அவனைச் சந்தைக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடைக்குத் தனியாக அழைத்துப் போனாள். என்னை வெளியே காரில் உட்கார வைத்துவிட்டாள். உனக்கு என்ன வேண்டும் என்று அவனிடமே கேட்பது அவள் கடமை, சட்டம் அப்படி. அவன் பதிலை, அவன் அனுமதியோடு பிறகு எனக்குச் சொன்னாள்.

“சாவி எனக்குத் திரும்ப வேணும். கேவின் கதவைத் தட்டிட்டு வரட்டும். டீ குடிச்சிட்டுப் போயிரணும். தூங்கக் கூடாது.” நாய் வரலாமா என்று கேட்டிருக்கிறாள். “நாய் தட்ட வேண்டாம். அதுக்குக் கை எங்க இருக்கு?” என்றானாம். அதோடு விடவில்லை. “டெஸ்ஸும் தட்டணும்.” பராமரிப்பு இல்லம் பற்றிக் கேட்டதற்கு, “அங்க யாரும் தட்ட மாட்டாங்க. நேரா உள்ள வந்துருவாங்க” என்றிருக்கிறான்.

காரில் வரும்போது, நான் உன் அண்ணன்டா என்றேன். “தெரியும். அதான் உங்கிட்ட சொல்றேன்” என்றான்.

சனிக்கிழமை தட்டினேன். உள்ளிருந்து “யாரு?” என்றான். அண்ணன் என்றேன். “எந்த அண்ணன்?” உனக்கு ஒரே அண்ணன்தானடா என்று நான் கத்திய பிறகு, சிரித்துக்கொண்டே திறந்தான். என் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து நிம்மதியில்லை. இனி அவன் நாற்காலியில் தூங்கினால் எனக்கு எப்படித் தெரியும்?

இமோஜென் இனிப்புப் பேச்சு பேசுகிறவள் இல்லை. கேவின் மரியாதையாகத் தட்டிவிட்டு, டீ குடித்ததும் போய்விடுவான் என்று அவள் நம்பவில்லை. பூட்டை மாற்றுவது, தினமும் மாலையில் ஓர் உதவியாளர் வருவது, கேவினைச் சந்தித்தால் வெளியே மட்டும் சந்திப்பது. இதுதான் அவள் கூட்டத்தில் வைக்கப்போகும் திட்டம். போதுமா என்று கேட்டேன். “தெரியல, மிஸ்டர் ஹாலம். ஆனா அவர் வீடு அது” என்றாள். தன் வீட்டைப் பற்றி முடிவெடுக்கும் தெளிவு கிளைவுக்கு உண்டு என்று அவள் அறிக்கையில் எழுதிவிட்டாள்.

இப்போது சொல்ல வந்தது. கூட்டத்தில் கிளைவும் இருப்பான். குடும்பத்தாரின் கடிதங்களை அவன் முன்னால் வாசிப்பார்கள். உன் பேச்சுக்கு அவன் இதுவரை ஒரு முறைகூட மறுப்புச் சொன்னதில்லை. ஹிலரி தன்னைப் பராமரிப்பு இல்லத்துக்குப் போகச் சொல்கிறாள் என்று கேட்டால் என்ன சொல்வான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி, நன்றி என்பான். அவன் சம்மதம் என்று அதைக் குறித்துக்கொள்வார்கள். தொலைபேசியில் நடந்ததேதான் மறுபடி நடக்கும். பக்கத்து நாற்காலியில் கேவினுக்குப் பதில் நாம் இருப்போம்.

என் கடிதத்தை இன்று திரும்பப் பெற்றுவிட்டேன். நான் செய்தது சரிதானா என்று தெரியவில்லை. நீயும் அப்படியே செய் என்று மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் உன் குரலில்தான் அதைக் கேட்பான் என்பதை மட்டும் நினைத்துப் பார்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும்.

கூட்டம் வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. முடிவு வெள்ளிக்கிழமை எழுத்தில் வரும் என்று மேலாளர் சொன்னார். குடும்பத்தாரின் கருத்துகளைப் புதன் மாலை ஐந்து மணிவரை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்வார்கள். நீ இருக்கும் வெலிங்டனில் அப்போது வியாழன் பிறந்திருக்கும். அதுவரை அவர்கள் காத்திருப்பார்கள். நானும்.

உன் அண்ணன்,
டெஸ்மண்ட்