யார் பக்கம் சொறிந்தது

ஆகஸ்ட் 12, திங்கள்
பிடரி மழித்த சுண்டெலிகளுக்குக் குளோரோகுயின் ஊசி போட்டோம். அரிப்பெடுத்துச் சொறிவதை அரை மணி நேரம் வீடியோ எடுத்தோம். பின்னங்கால் பிடரிக்குப் போய்க் கீழே இறங்கினால் ஒன்று என்று கணக்கு. என் கைடு பிரபாகர் சாரின் மூலிகைக் களிம்பு தடவியவை குறைவாகச் சொறிய வேண்டும். என் பிஎச்.டி. இதில்தான் நிற்கிறது. எண்ணும் முன்பே பாதியாகக் குறையும் என்று சார் எல்லோரிடமும் சொல்லி வருவதுதான் எனக்கு எரிச்சல். தடவாதவை சராசரி 208. தடவியவை 195.

ஆகஸ்ட் 13
சார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் போட்டார். "என்னம்மா அன்பரசி, கண்ணாடி மாத்தணுமா? தடவுனது நூறத் தாண்டாது. மறுபடி எண்ணிட்டு வாங்க."
எண்ணிட்டு வரணுமா, நூறு போட்டு எடுத்துட்டு வரணுமா? வெளிப்படையா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! மொரப்பூர் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 14
மறுபடி எண்ணினேன். தடவியவை 203. நல்லா வேணும் அவருக்கு.

ஆகஸ்ட் 20
வீடியோவை சார் ஜூனியர் ஜாஸ்மினிடம் கொடுத்து எண்ண வைத்திருக்கிறார். தடவியவை 96!
"எப்படிடி வந்துச்சு?"
"சார் நூறுக்குள்ளதான் வரும்னாருங்கக்கா... எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது."
தெரிந்ததாம். என்ன ஒரு கண்! எத்திக்ஸ் கமிட்டிக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறு கைடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் சார். பார்த்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 2
கமிட்டியிலிருந்து நிர்மலாதேவி மேடம் வந்தார். என்னிடம் ஒரே கேள்வி: "எண்ணும்போது எது களிம்பு தடவினதுன்னு உனக்குத் தெரியுமாம்மா?"
தெரியும். கூண்டு அட்டையே வீடியோவில் தெரிகிறது. அதனாலென்ன? பொய் எழுதச் சொன்னது நானா? நியாயம் கேட்டவளிடமே விசாரணை!
எலி அறையைப் பார்த்துக்கொள்ளும் பச்சியப்பன் அண்ணனை வைத்து, அட்டையை மறைத்து, வீடியோ பெயர்களை மாற்றிக் கலைத்துவிட்டார். நானும் ஜாஸ்மினும் தனித்தனி அறையில் எண்ணினோம்.

செப்டம்பர் 5
தடவியவை: எனக்கு 151. அவளுக்கு 148.
நம்பாமல், பழைய நோட்டில் குறித்திருந்த நேரங்களை வைத்து வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். களிம்பு வாடைக்கு எலி முன்னங்காலால் மூஞ்சியைத் துடைத்திருக்கிறது. அதையும் சொறிந்ததாகக் குறித்திருக்கிறேன். பக்கம் பக்கமாக. தடவாத எலிகள் துடைத்ததில் ஒன்றைக்கூட நான் எண்ணவில்லை.
நானா இது? சத்தியமாகத் தெரிந்து செய்யவில்லை. ஆனால் அவர்மேல் இருந்த ஆத்திரத்தில் எண்ணினேன். அது எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 9
கமிட்டி கூடியது. சார் தலை குனிந்திருந்தார். என் பழைய நோட்டை யாரும் கேட்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம்.
நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். "மேடம், இதையும் எடுத்துக்கங்க. இதுவும் தப்புங்க."
ஆறு மாத வேலை செல்லாது. முதலிலிருந்து செய்ய வேண்டும். கைடு இனி நிர்மலாதேவி மேடம்.
சார்மேல் கோபம் அப்படியே இருக்கிறது. என்மேல் அதைவிட.

அக்டோபர் 21
இன்று நான்கு எலிகளை எண்ணினேன். எது தடவியது, எது தடவாதது என்று எனக்குத் தெரியாது.