தர்மராஜ் கொண்டுவரும் முடிச்சு

சதுரங்கப்பட்டினம்,
ஹேவிளம்பி வருஷம் பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

எஸ்டேட்டில் இந்தக் காகிதத்தை என் மகள் வேண்டாவுக்குப் படித்துச் சொல்கிற புண்ணியவானுக்குக் கண்ணாயிரத்தின் கும்பிடு. க்ஷேமலாபமெல்லாம் பின்னால் வருகிறது. கோடு இழுத்திருக்கும் இடத்தை முதலில் படியுங்கள். அவளுக்குப் புரிந்ததா என்று கேட்டுவிட்டு இன்னொரு தரமும் படியுங்கள்.

____________

வேண்டா, தர்மராஜ் கொண்டுவரும் சிவப்புத் துணி முடிச்சில் ஒரு கறுப்பு உருண்டை இருக்கிறது. அது அபினி. குழந்தைக்குக் கொடுக்காதே. உரைத்தும் கொடுக்காதே, நாக்கில் தடவியும் கொடுக்காதே. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மீதியைக் கேட்டுக்கொண்டு உட்காராதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் டாக்டரிடம் ஓடு. அபினி கொடுத்துவிட்டேன் என்று வாசலிலேயே சொல்.

____________

என் செல்ல மகளுக்கு நைனா சொல்லி எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் மாமல்லபுரத்துப் பெருமாள் துணையிருக்கட்டும். எழுதுகிறவர் மிஷன் ஸ்கூல் வாத்தியார் ஞானதாஸ். நேற்றே ஒரு தந்தியும் அடித்தேன். தந்தியைக் கண்டதும் நைனா போய்விட்டான் என்று நீ தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். நான் இருக்கிறேன். தந்தியில் மருந்து கொடுக்காதே என்று மட்டும்தான் போட்டார்கள். எந்த மருந்து என்று தெரியாமல் டாக்டர் கொடுக்கிறதையும் நிறுத்திவிடுவாயோ என்று பிறகுதான் தோன்றியது. அதற்குத்தான் இந்தக் காகிதம்.

அபினி என்று எழுத வாத்தியார் முதலில் ஒப்பவில்லை. இன்னா பெரியவரே, போலீஸ் கையிலே இது மாட்டினா எழுதினவனைத்தானே முதலில் தேடுவான், அந்த வஸ்து என்று போடுவோம், உம்ம மகளுக்குப் புரியாதா என்றார். வசம்பும் வஸ்துதான், வெல்லமும் வஸ்துதான், பேரைப் போடும் ஐயா, போலீஸ் வந்தால் என் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகட்டும் என்றேன். அப்புறம்தான் எழுதினார். எழுதினதை எனக்குப் படித்தும் காட்டினார்.

நீ போன காகிதத்தில், கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைக் கொட்டகையில் குழந்தை ஓயாமல் அழுகிறது, கங்காணி வாயில் வந்தபடி ஏசுகிறான் என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து உன் அண்ணி வசந்தாவுக்கு மனசு ஆறவில்லை. உப்பளத்துக்குப் போகிற பெண்டுகள் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. வசம்பு உரைக்கிற கல்லிலேயே கடுகளவு அபினியையும் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவிவிட்டு, ஓலைக் கொட்டகையில் ஏணை கட்டிப் போட்டுவிட்டுப் பாத்தியில் இறங்குவார்கள். உப்பு வாரிவிட்டு ஏறுகிறவரை பிள்ளை கண் திறக்காது. வசந்தாவும் சின்னவனுக்கு அப்படித்தான் செய்துவந்தாள். நம்ம புள்ள எப்படித் தூங்கிகினு கீது பாரு மாமா, வேண்டாவும் நிம்மதியா வேலை பார்க்கட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் ஒரு முடிச்சு கட்டிக் கொடுத்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. உன் கொழுந்தன் தர்மராஜ் பழனிக்குக் காவடி எடுத்துவிட்டு அப்படியே எஸ்டேட்டுக்குத் திரும்புகிறேன் என்று இங்கே வந்து சொல்லிவிட்டுப் போனான், அவன் பையில் போட்டுவிட்டிருக்கிறாள். முடிச்சில் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது.

அபினி கொடுக்கிறவன் தெருக்கோடி அப்பாசாமி. இருமலுக்கென்று தின்ன ஆரம்பித்து, அதுவே அவனுக்குச் சோறாகிவிட்டது. செங்கற்பட்டில் சர்க்கார் அபினிக் கடை இருந்த நாளில் பர்மிட்டைக் காட்டி வாங்கி வருவான். மண் நிறத்தில் காய்ந்து கிடக்கும், நகத்தால் கீறினால் உதிரும். கடையை மூடினபிறகு கால்வாயில் வருகிற விறகுப் படகுக்காரர்களிடம் வாங்குகிறான். இது தார் மாதிரி மினுங்குகிறது. எங்கே காய்ச்சினது, எதைக் கலந்தது என்று கொண்டுவருகிறவனுக்கே தெரியாது. சரக்கு மாறிவிட்டது, கடுகு மட்டும் மாறவில்லை. பாவம், வசந்தா பழைய அளவையே பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை உச்சிவேளைக்குப் பால் கொடுக்கப் போனவள், பிள்ளை அசந்து தூங்குகிறான் என்று எழுப்பாமல் திரும்பிவிட்டாள். சாயங்காலம் தூக்கினபோது தலை நிற்கவில்லை. உதடு நாவற்பழம் தின்றது போல இருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தால் கருமணி ஊசிமுனை அளவு. ஒரு மூச்சு வந்தால் அடுத்தது வருமா வராதா என்று நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காற்றுச் சேஷ்டை, மந்திரித்தால் தெளிந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அதற்கும் ஓடினோம். அங்கே கொஞ்ச நேரம் போயிற்று. மிஷன்காரர்கள் ஜீப்பில் செங்கற்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா நல்லவள். குழந்தைக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டுக்கொண்டே நெஞ்சை அழுத்தினாள். வசந்தாவுக்குப் பயம். ஜெயிலில் போடுவார்களோ, புருஷன் அடிப்பானோ என்று, ஒன்றும் கொடுக்கவில்லை, மாந்தம்தான் என்று சொல்லிவிட்டாள். அந்தம்மா மறுபடியும் மறுபடியும் கேட்டாள். இவள் மாந்தம் மாந்தம் என்றே சொன்னாள். கடைசியில் காலைப் பிடித்துக்கொண்டு நிஜத்தைச் சொன்னபோது டாக்டரம்மா கத்தவில்லை. இதை அப்போதே சொல்லக்கூடாதா அம்மா என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி வசந்தாவை விடமாட்டேன் என்கிறது. அடுப்படியில் நின்றுகொண்டு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுகிறாள்.

பெரிய ஆளுக்கே இது மூச்சை நிறுத்தும், குழந்தைக்குக் கடுகில் பாதிகூட அதிகம், ஒரு உருண்டை போல இன்னொன்று இருக்காது, நேற்று ஒத்துக்கொண்டது என்று இன்றைக்கு நம்பக்கூடாது என்றும் அந்தம்மா சொன்னாள். அப்படியே உனக்குச் சொல்லிவிட்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பிள்ளையைத் துணியால் மூடி மடியில் வைத்திருந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது என் கையை இறுக்கிப் பிடித்தாள். மாமா, வேண்டாவுக்கும் குடுத்தனுப்பிட்டேன் என்றாள். எனக்கு அதற்குமேல் அழக்கூட முடியவில்லை.

நேற்று சந்தையில் வசந்தாவுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தேன். பால் கட்டி நெருப்பாய்க் காய்கிறது. வற்றட்டும் என்று மார்பில் வைத்துக் கட்டியிருக்கிறாள்.

உன் அண்ணன் உலகநாதன் விறகு வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு அப்பாசாமி வீட்டுக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பாசாமி பாயில் சுருண்டு கிடந்தான். படகு வந்து நாளாகிவிட்டதாம், தின்ன அபினி இல்லை. மூக்கிலும் கண்ணிலும் ஒழுகுகிறது, பங்குனி வெயிலில் பல் தந்தியடிக்கிறது, வாந்தி எடுத்து ஒட்டிப்போய்க் கிடக்கிறான். வெட்டுடா மச்சான், வெட்டறதுக்கு முன்னாடி உன் வூட்டுல மிச்சம் இருந்தா ஒரு பொட்டு குடுத்துட்டு வெட்டு என்று கையை நீட்டினான். குழந்தை போனது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டான். உலகநாதன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டான். வீட்டில் மிச்சம் இருந்ததை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அப்படியே பழனிக்கு ரயில் ஏறிவிட்டான், தர்மராஜைத் தேடிப் பிடிக்க. உத்திரக் கூட்டத்தில் எல்லோரும் மொட்டை, எல்லோரும் காவி. எப்படிப் பிடிப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்துவிட்டால் நல்லது. பிடிக்காவிட்டால் இந்தக் காகிதம்தான் முந்தவேண்டும்.

முடிச்சு வந்து சேர்ந்தால் நீயே வாங்கிக்கொள். உள்ளே வசம்பும் மாசிக்காயும் இருக்கும், கறுப்பு அவற்றிலும் ஒட்டியிருக்கும். எதையும் எடுத்து வைக்காதே. முழுசாக அடுப்பில் போடு. புகை போகிற பக்கம் குழந்தையை வைக்காதே. லயத்து வீடுகளில் யாராவது பல்வலி, கால்குடைச்சல் என்று கேட்டாலும் கொடுக்காதே. தர்மராஜைத் திட்டாதே. கங்காணி ஏசினால் ஏசட்டும். உன் குழந்தை அழுதால் அது பாலுக்காக இருக்கும், எறும்புக்காக இருக்கும், உன்னைப் பார்க்காததற்காக இருக்கும். தூங்கவைக்கிற மருந்து எதுவும் அதற்கு வேண்டாம்.

வசந்தாமேல் கோபம் வரும். வந்தால் என்னைத் திட்டிக் காகிதம் போடு. அவளுக்கு வேறாக ஒரு கார்டு போடு. சாப்பிடாமல், வாசலைத் தாண்டாமல், தபால்காரன் மணிச் சத்தத்துக்கு மட்டும் எழுந்து வருகிறாள். நீ நீளமாக எழுத வேண்டாம். துக்கம் விசாரிக்கவும் வேண்டாம்.

வாத்தியார் காகிதம் தீர்ந்தது என்கிறார். என் கண்ணே, இதைக் கேட்டு முடிக்கிறபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால், போய் எழுப்பு. உள்ளங்காலைச் சுரண்டு. வீறிட்டு அழட்டும். மகராசியாய், லயம் முழுக்க எழுந்து உட்காரும்படி, என் பேத்தி நூறு வருஷம் அழட்டும். அவள் அழுதாள் என்று அந்தக் கார்டில் உன் அண்ணிக்கு எழுது.

உன் நைனா,
கண்ணாயிரம்
(இடது கைப் பெருவிரல் ரேகை)