கறுப்பு மணல்

என் பிரியமான அக்கா,

உன் மீன்கள் ஒன்பதும் உயிரோடு இருக்கின்றன. நீ முதலில் இதைத்தான் கேட்பாய். ஆனால் நிறம் போய்விட்டது. நீலத் தலையும் ஆரஞ்சு நெஞ்சுமாகத் தொட்டியை ஆண்டுகொண்டிருந்த உன் பெரிய சிக்லிட் மீன், டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு மாதத்துக்குள், வடித்த கஞ்சி நிறத்தில் மூலையில் நிற்கிறது.

தப்பு என்னுடையது. கருமாதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டைக் கழுவினோம். அத்தை தொட்டியைப் பார்த்து, சாவு விழுந்த வீட்டில் இத்தனை கறுப்பு ஆகாது என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. நீ அலசி அலசிப் பரப்பியிருந்த கறுப்பு மணலைப் பெயிண்ட் வாளியில் அள்ளி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, வெள்ளை மணலைக் கொட்டினேன். விளக்கையும் பெரிதாக மாற்றினேன்.

மூன்றே நாளில் மீன்கள் வெளுத்தன. கருமாதிக்கு வந்தவர்கள் தொட்டி முன்னால் நின்று உச்சுக் கொட்டினார்கள். "பாத்தியா, வாயில்லா ஜீவனுக்குக்கூட அவ போனது தெரியுது," என்றார் அத்தை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மீன் துக்கம் காக்கவில்லை. வெளிறிய தரையில் நிறம் காட்டினால் எதன் கண்ணிலாவது பட்டுவிடுவோம் என்று பயந்து அடக்கிக்கொள்கிறது. நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். வேலை முடிந்து பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அதற்கு நிறம் தானாக ஏற இறாலும் கீரையும் அரைப்பாய். மருந்து கொடுத்து நிறம் ஏற்றிய குஞ்சுகளைக் கடைக்காரர் காட்டினால், "இது ஒரு மாசம்கூட நிக்காதுண்ணே, வேணாம்லா," என்று திரும்பிவிடுவாய்.

அதே அத்தைதான் தீபாவளிக்குத் தீபாவளி உனக்கு முகம் வெளுக்கும் கிரீம் வாங்கி வந்தவர். கெப்பாலா பத்தாஸிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் நம் வீட்டுக் கேசரியைத் தின்றுவிட்டு, நிறம் கொஞ்சம் கம்மி என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்களும் நம்மைவிட வெள்ளை இல்லை. அன்று முழுக்க அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாய்.

இனி சொல்ல வேண்டியதுதான் கஷ்டம். மாலை போட உன் படத்தைப் பெரிதாக்க லிட்டில் இந்தியா ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் கேட்டார்: "தம்பி, மூஞ்சக் கொஞ்சம் வெளுப்பாக்கிரவா? எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க."

அத்தை பக்கத்தில் இல்லை. யாருமே இல்லை. "சரிண்ணே, பண்ணுங்க," என்றேன். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற நான். இப்போது நம் சுவரில் மாலைக்குள்ளிருந்து யாரோ ஒரு பெண் சிரிக்கிறாள்.

நேற்று உன் அலமாரியைத் திறந்தேன். யூனிஃபார்ம்களுக்கு அடியில் அந்தக் கிரீம் இருந்தது. பாதி தீர்ந்திருந்தது.

எப்போது தடவினாய் அக்கா? பஸ் வருவதற்கு முன்பா? மருந்து போட்ட மீனை வேண்டாம் என்ற நீ, இது வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்தாய்? நீ இருக்கிறபடியே அழகு என்று இந்த வீட்டில் யாராவது ஒருநாள் சொன்னோமா? நான் சொன்னதாக ஞாபகம் இல்லை.

இன்று காலை வாளியை உள்ளே தூக்கி வந்து மணலை மாற்றினேன். அத்தை வந்து நின்றார்.

"மறுபடி எதுக்குடா அந்தக் கறுப்பு?"

"அதுலதான் அத்தை மீனு பயப்படாம இருக்கும்."

அவர் சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்தார். "போட்டோல அவ நல்லாத்தான் இருக்கா."

"அது அக்கா இல்ல அத்தை. நான்தான் வெளுக்க வெச்சேன்."

அவர் படத்தருகே போய் நின்றார். அத்தையும் உன்னைப் போலவே கறுப்பு. அதை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். அவருக்கு யார் கிரீம் வாங்கிக் கொடுத்தார்களோ.

பெரிய மீன் இன்னும் தேறவில்லை. செவுள் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு நீலம். திரும்ப வருமா, தெரியவில்லை.

சனிக்கிழமை ஸ்டுடியோவுக்கு மறுபடி போகிறேன். யூனிஃபார்மோடு தொட்டி பக்கத்தில் நீ நிற்கும் படம் என் போனில் இருக்கிறது. முகத்தில் கை வைக்காமல் அச்சடிக்கச் சொல்வேன். இப்போதிருப்பதை நானே கழற்றுவேன். வருகிறவர்கள் என்ன கேட்டாலும், இதுதான் என் அக்கா என்று சொல்வேன். இது சத்தியம்.

உன் நிறத்திலேயே பிறந்த
உன் தம்பி